பழுது சொல்லும் பாடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு எழுதிய மடலில் "இலக்கியம் தொடர்பான எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம்" என்று உரிமை தந்திருந்தார்கள். அவ்வுரிமையைச் சற்று அகலமாகவே எடுத்துக்கொண்டு, பழைய கணிப்பொறி ஒன்றைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் விரிவுரையாளருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பனையேட்டைச் செல்லரிப்பது எவ்வாறு என்று அறியாமல் ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்க இயலாது. கடந்த நாற்பதாண்டுகளில் நம் கவிஞர்கள் பலர் ஏட்டிலும் தாளிலும் எழுதாது கணிப்பொறியில் எழுதினார்கள். அப்படியானால் அப்பொறி எவ்வாறு அழிகிறது என்பதை அறிவதும் தமிழாய்வின் ஒரு பகுதியே ஆகும்.

பொறியின் வரலாறு

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் 1984ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் மெக்கின்டாஷ் என்னும் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. திரை, மின்வழங்கி, நெகிழ்வட்டு இயக்கி, கணிக்கும் பலகை ஆகிய யாவும் ஒரே பெட்டிக்குள் அடங்கியது அதன் சிறப்பு. மேலே கைப்பிடிக்குழி உண்டு; தூக்கிக்கொண்டு செல்லலாம். திரை 9 அங்குலம். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. குறுக்கே 512, நெடுக்கே 342 எனப் புள்ளிகள். அதன் முதல் வடிவத்தின் நினைவகம் 128 கிலோபைட்டு. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படம் கூட அதில் அடங்காது.

அப்பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் அதை உருவாக்கிய குழுவினரின் கையொப்பங்கள் வார்ப்பாகவே பதிந்திருப்பதைக் காணலாம். வாங்கியவர் பார்க்க வேண்டும் என்று பதித்தவை அல்ல அவை. பழுதுபார்ப்பவர் மட்டுமே காணக்கூடியவை. சுவடியின் இறுதியில் எழுதியவர் தம் பெயரையும் ஆண்டையும் குறித்து வைக்கும் மரபை நினைவூட்டுவது இது.

1986இல் மெக்கின்டாஷ் பிளஸ், 1987இல் எஸ்இ, 1989இல் எஸ்இ/30, 1990 அக்டோபரில் கிளாசிக் என அக்குடும்பம் பெருகியது. எழுத்தின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் முறை அப்பொறிகளில் இயல்பாகவே அமைந்திருந்ததால், உரோமன் அல்லாத எழுத்துகளையும் அவற்றில் உருவாக்க முடிந்தது. தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றியதும் அக்காலத்திலேதான். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொண்ணூறுகளில் உருவாக்கி வழங்கிய மயிலை எழுத்துரு, மெக்கின்டாஷிலும் விண்டோசிலும் பயன்பட்டது. அயல்நாடுகளில் வாழ்ந்த தமிழர் பலர் முதன்முதலில் தமிழைத் திரையில் கண்டது இத்தகைய எழுத்துருக்களின் வழியாகவே.

உள்ளே நிகழும் அழிவு

பயன்படுத்தாமல் மூடி வைத்த பொறி பத்திரமாக இருக்கும் என்று நாம் நம்புகிறோம். இப்பொறிகளைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பொய்யானது. உள்ளே இரண்டு பொருள்கள் உறங்குவதே இல்லை.

முதலாவது மின்கலம். நாள், நேரம் முதலியவற்றை மறவாமல் வைத்திருக்க 3.6 வோல்ட்டு இலித்தியம் மின்கலம் ஒன்று எஸ்இ/30, கிளாசிக் ஆகியவற்றின் பலகையில் உண்டு. ஆண்டுகள் செல்ல அது வெடித்துக் கசியலாம். கசிந்தால் சுற்றியுள்ள செப்புத் தடங்களையும் இரும்புச் சட்டத்தையும் அரித்துத் தின்றுவிடும். அலமாரியில் துணி போர்த்திப் பாதுகாத்த பொறியே அவ்வாறு முற்றும் அழிந்து கிடப்பதுண்டு.

இரண்டாவது மின்தேக்கி. எண்பதுகளின் இறுதியில் பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறு அலுமினிய மின்தேக்கிகள் வழக்கத்துக்கு வந்தன. அவற்றின் உள்ளிருக்கும் நீர்மம் அடிப்புறமாகக் கசிந்து பலகையில் படர்கிறது. பிளஸ் பொறியின் மின்தேக்கிகள் வேறு வகையின. அவற்றில் இக்கேடு குறைவு. ஆகவே பிளஸ் உயிரோடிருக்க, அதனினும் புதியதான கிளாசிக் ஊமையாகிக் கிடப்பது இயல்பான காட்சி.

குறிகளைப் படித்தல்

பழுதுபார்ப்பில் முதற்கடமை, தொடாமல் பார்ப்பது. பொறி தன் நோயைத் தானே சொல்கிறது.

திரையில் செங்குத்தாக ஒற்றை ஒளிக்கோடு மட்டும் நின்றால், கதிரைக் குறுக்கே நகர்த்தும் சுற்றில் பற்றாசு விரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். காற்றாடி இல்லாத பிளஸ் பொறியில் வெப்பத்தால் பற்றாசு விரிவது அடிக்கடி நேர்வது. அவ்விடத்தை மீண்டும் பற்றவைத்தால் படம் விரியும். கிளாசிக்கின் திரையில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தோன்றினால், கணிக்கும் பலகையில் கசிவு படர்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் பொருள். வாடிய முகமுடைய சிறு கணிப்பொறிப் படமும் கீழே எண்களும் வந்தால், தொடக்கச் சோதனையில் நினைவகமோ வேறோர் உறுப்போ தவறியிருக்கிறது. அவ்வெண்களே எந்த உறுப்பு என்பதற்குத் துப்பு. நெகிழ்வட்டின் படமும் அதன்மேல் இமைக்கும் கேள்விக்குறியும் வந்தால் மகிழலாம். "நான் நலம், படிப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை" என்று பொறி சொல்வதாக அதற்குப் பொருள்.

இதைக் கேட்டு ஆர்வத்தோடு பெட்டியைத் திறக்கப் புறப்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். படக்குழாய், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பல ஆயிரம் வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதன் கழுத்து மெல்லிய கண்ணாடி. சற்றே இடறினாலும் உடைந்துவிடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பழகியவர் ஒருவர் உடன் இல்லாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. எனக்கு உதவிய முதிய மெக்கானிக் ஒருவர், "அணைத்தாலும் கடிக்கும் அம்மா இது, முதலில் இதைத் தூங்க வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்" என்றார். படக்குழாயில் தேங்கிய மின்சாரத்தைச் சட்டத்துக்குள் வடிய விடுவதைத்தான் அவர் தூங்க வைப்பது என்றார்.

ஒரு கவிஞரின் பொறி

நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். குடும்பத்தார் விருப்பப்படி அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பியவர்; வரும்போது ஒரு மெக்கின்டாஷ் கிளாசிக்கையும் கொண்டுவந்தார். இறுதி வரை அதிலேதான் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் அப்பொறியும் ஒரு பெட்டி நெகிழ்வட்டுகளும் பழைய இரும்புக் கடைக்குச் செல்லவிருந்தன. அவருடைய துணைவியார் எனக்குச் சொல்லியனுப்பியதால் அவை தப்பின.

செருகுவதற்கு முன் பின்புறத் தகட்டைப் படித்தோம். அமெரிக்க வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ட்டு, நம்முடையது 230. அவர் பயன்படுத்திய மின்மாற்றியும் வீட்டிலேயே கிடைத்தது. இயக்கியபோது திரையில் கட்டங்கள் தோன்றின, ஓசை எழவில்லை. உடனே நிறுத்திவிட்டோம்.

கைப்பிடிக்குழியின் ஆழத்தில் இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு திருகாணிகள். தலைப்பகுதி ஆறுமுனை நட்சத்திர வடிவம். அவற்றை எட்ட நீண்ட தண்டுடைய திருப்புளி வேண்டும். பின்மூடியை எடுத்ததும் மின்தேக்கிகளைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தது தெரிந்தது. மின்கலம் கசியாமல் உலர்ந்து இறந்திருந்தது. அது நம் நற்பேறு. எதையும் கழற்றுமுன் ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து, மின்கலத்தின் மேல் அச்சிட்டிருந்த ஆண்டையும் குறித்து வைத்தேன். அது 1990. அக்குறிப்பு பின்னர் எவ்வளவு பயன்படும் என்பது அப்போது தெரியாது. கிடைத்ததைக் கிடைத்தபடி பதிவு செய்வது பதிப்புத்துறை எனக்குத் தந்த பழக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் மின்தேக்கிகள் கிடைத்தன. மெக்கானிக் பழையவற்றைப் பொறுமையாக எடுத்து, பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் கழுவிக் காயவைத்துப் புதியவற்றைப் பற்றவைத்தார். இயக்கினோம். ஒற்றை ஓசை எழுந்தது. பின் இமைக்கும் கேள்விக்குறி. வன்வட்டு சுழன்றதே தவிர விழிக்கவில்லை. அதை நாங்கள் திறக்கவில்லை. வன்வட்டின் உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் கேடு. அதற்குரிய வல்லுநர் கைக்கு அது அப்படியே போய்ச் சேர வேண்டும்.

கிளாசிக்கிற்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. கமாண்டு, ஆப்ஷன், எக்ஸ், ஓ ஆகிய நான்கு விசைகளையும் அழுத்திக்கொண்டே இயக்கினால், எந்த வட்டின் துணையும் இன்றி, நிலைநினைவகத்தில் பொதிந்துள்ள இயங்குதளத்திலிருந்து அது எழும். ஏடு முழுதும் தொலைந்த பின்னும் மனப்பாடத்திலிருந்து ஓதத் தொடங்கும் ஓதுவாரைப் போல அது எழுந்தபோது, அருகில் நின்ற துணைவியார் கண் கலங்கினார்.

1904ஆம் ஆண்டுக் கவிதைகள்

நெகிழ்வட்டுகளை அப்படியே செருகவில்லை. நம் ஈரக் காற்றில் அவற்றின்மேல் பூசணம் பூக்கும். பூத்த வட்டைச் செருகினால் படிக்கும் முனையில் அழுக்கு ஒட்டி, அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் கீறிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒளியில் பிடித்துப் பார்த்தோம். இயக்கியின் பழைய மசகு மெழுகாக இறுகியிருந்ததை நீக்கி, முனையையும் துடைத்தோம். ஒவ்வொரு வட்டின் மூலையிலும் உள்ள காப்புத் தாழையும் திறந்து வைத்தோம். இல்லையேல், வட்டைப் பார்த்த அளவிலேயே பொறி அதன்மேல் சில குறிப்புகளை எழுதிவிடும், மூலம் மாறிவிடும்.

அவ்வட்டுகள் 800 கிலோபைட்டு வகை. வட்டின் சுழற்சி வேகத்தையே மாற்றி மாற்றி எழுதும் முறை அது. மற்றக் கணிப்பொறிகளின் வழக்கமான இயக்கி அவற்றைப் படிக்காது. இயக்கி சற்றே வழுவியிருந்தால், எழுதிய இயக்கியே தன் எழுத்தை நன்கு படிக்கும். பொறியையே பிழைக்க வைக்க முனைந்தது இதனாலேதான். பதினொரு வட்டுகளில் எட்டு படித்தன. அவற்றின் படிகளை, ஆர்வலர்கள் அண்மையில் உருவாக்கியுள்ள ப்ளூஸ்கசி என்னும் சிறு கருவியின் வழியாக இன்றைய நினைவட்டைக்கு மாற்றினோம். மூன்று வட்டுகள் பூசணத்துக்கு இரையாயின.

கோப்புகளை நாள் வரிசையில் அடுக்கியபோதுதான் வியப்பு எழுந்தது. 1992 முதல் 1999 வரை நாள் குறித்த கவிதைகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1904ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் எழுதியவையாக முப்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள் நின்றன.

விளக்கம் எளிது. மெக்கின்டாஷின் நாட்கணக்கு 1904 சனவரி முதல் நாளில் தொடங்குகிறது. மின்கலம் இறந்துவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பொறி அந்நாளுக்கே திரும்பிவிடும். ஆகவே 1904 என்பது காலம் அன்று. மின்கலம் இறந்துவிட்டது என்பதற்கான முத்திரை. வரிசையில் தலையில் நிற்பவை உண்மையில் இறுதியில் எழுதப்பட்டவை.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஒரு மின்கலம் இறந்து, பின் புதியது மாற்றப்பட்டிருந்தால்? அங்கேதான் நான் குறித்து வைத்த 1990 துணைக்கு வந்தது. பொறியோடு வந்த மின்கலமே இறுதி வரை இருந்திருக்கிறது, மாற்றப்படவில்லை. அதைவிட உறுதியான சான்று வேறொன்றும் கிடைத்தது. ஒவ்வொரு கோப்புக்கும் உருவாக்கிய நாள், திருத்திய நாள் என இரண்டையும் பொறி பதிவு செய்கிறது. சில கவிதைகள் 1997இல் உருவாகி 1904இல் திருத்தப்பட்டிருந்தன. பிறப்பதற்கு முன்னரே திருத்தம் பெற்ற கவிதை உலகில் இல்லை. அவை 1999க்குப் பின் அவர் மீண்டும் எடுத்துத் திருத்தியவை என்பதில் ஐயமே இல்லை.

இது வெறும் கணக்கு அன்று. மழை பற்றிய அவருடைய கவிதை ஒன்று இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 1998 என்று நாளிட்ட வடிவம் 24 அடிகள். 1904 என்று நாளிட்ட வடிவம் 15 அடிகள். நாள் வரிசையை நம்பினால், 15 அடியில் தொடங்கி 24 அடியாக வளர்த்தார் என்று முடிவு செய்வோம். நீண்டதையே இறுதி வடிவமாக அச்சிடுவோம். உண்மை அதற்கு நேர்மாறானது. எழுதிய ஒன்பது அடிகளை முதுமையில் நீக்கியிருக்கிறார். அவர் நீக்கியவை யாவும் மழைக்கு விளக்கம் சொன்ன அடிகள். மழையை மட்டும் நிறுத்திவிட்டு விளக்கத்தை எடுத்துவிட்டார். ஒரு கவிஞரின் இறுதிக்கால வளர்ச்சி முழுவதும் அந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. அதை நமக்குக் காட்டிக்கொடுத்தது இறந்துபோன ஒரு மின்கலம்.

பழுதை நீக்குவது மெக்கானிக்கின் கடமை. நீக்குவதற்கு முன் பழுதைப் படிப்பது நம் கடமை. கசியக்கூடிய மின்கலத்தை உடனே அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் குறிப்பெடுக்காமல் குப்பையில் எறிந்திருந்தால், பொறி பிழைத்திருக்கும், கவிதையின் வரலாறு பிழைத்திருக்காது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலந்தொட்டு, கிடைத்த பாடங்களை ஒப்புநோக்கி முடிவு செய்யும் நெறி நம் பதிப்புலகில் வேரூன்றியிருக்கிறது. அந்நெறியைப் பொறிக்கும் நீட்டிக்க வேண்டிய காலம் இது.

எழுத்துருவும் ஓர் ஏடே

கோப்பு கிடைத்துவிட்டால் கவிதை கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. அக்காலத்து எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்ந்திருந்தன. எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். ஒவ்வோர் எழுத்துருவும் தன் போக்கில் இடங்களைப் பகிர்ந்திருந்தது. மெக்கின்டாஷ் எழுத்துருக் கோப்பின் உள்ளீடு தனிக் கிளையாகச் சேமிக்கப்படுவது. அதை வேறு வகைக் கணிப்பொறிக்கு வெறுமனே படியெடுத்தால் அக்கிளை உதிர்ந்து வெற்றுக் கோப்பு மட்டும் எஞ்சும். எழுத்துருவை இழப்பது, வழக்கொழிந்த வரிவடிவத்தின் திறவுகோலை இழப்பது போன்றது.

எழுத்துரு கிட்டியபின் மாற்று அட்டவணை அமைத்தோம். "கொ" என்னும் எழுத்தைப் பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உள்ளிடுவர். 1991இல் தமிழையும் உள்ளடக்கி வெளிவந்த யூனிகோடு முறையில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். ஆகவே இடம் மாற்றி அடுக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: அவர் சில இடங்களில் ரகரத்துக்குப் பதில் காலையே தட்டியிருந்தார், திரையில் வேறுபாடு தெரியவில்லை. மாற்றியபின் "மரம்" என்பது "மாம்" ஆகியது. காலும் ரகரமும் மயங்குவது ஏட்டுச்சுவடி படித்தோர்க்குப் பழகிய இடர்ப்பாடு. பனையோலையில் கற்ற பாடம் திரையிலும் உதவியது.

வேண்டுகோள்

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

உங்கள் வீட்டிலோ, மறைந்த எழுத்தாளர் வீட்டிலோ பழைய கணிப்பொறி இருந்தால், இந்த மாதமே அறிந்தவரைக் கொண்டு திறந்து, படமெடுத்து, மின்கலத்தை அகற்றி, அதன் மேலுள்ள எழுத்துகளைக் குறித்து வையுங்கள். நெகிழ்வட்டுகளைத் துடைக்கவோ சோதிக்கவோ வேண்டாம்; உலர்ந்த இடத்தில் வைத்துச் செய்தி அனுப்புங்கள். எழுத்துருவின் பெயர் நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி அவற்றோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த பத்தாண்டுகளில் நம் வட்டம் செய்யத்தக்க பணிகளுள் இதையும் ஒன்றாக ஏற்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். பூசணம் தின்ற அந்த மூன்று வட்டுகளின் மேலும் கவிதைத் தலைப்புகள் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. அத்தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்த அனுபவம் இன்னொரு கவிஞரின் பொருட்டு நமக்கு நேராதிருக்கட்டும்.